கொக்கு மார்க் எண்ணெயின் விலை

சேக் தாவூதின் மோட்டார் எண்ணெய் குடிக்கும். பெட்ரோல் எல்லா மோட்டாரும்தான் குடிக்கும், அது வேறு. இது இன்ஜினுக்கு ஊற்றுகிற எண்ணெயைக் குடித்தது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவன் பாயசத்தைக் குடிப்பதுபோல, வைக்க வைக்கக் குடித்தது. மூன்று நாளைக்கு ஒரு கேலன். வண்டி நின்ற இடத்தில் தரையில் தட்டு அகலத்துக்குக் கருப்பாக ஒரு வட்டம் கிடக்கும். டன்லப் தெருப் பள்ளிவாசலுக்கு எதிரில் அந்த வட்டம் ஈரமாக இருந்தால் தாவூது நானா இப்போதுதான் போனார் என்றும், மண் படிந்திருந்தால் காலையிலேயே போய்விட்டார் என்றும் அங்குள்ளவர்கள் கணக்காகச் சொல்வார்கள்.

அவர் காரைக்கால்காரர்; நானா என்றால் அந்தப் பக்கத்தில் அண்ணன். பதினாறு வயதில் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். கம்போங் காப்பூரில் பந்தயக் குதிரைகளுக்குக் கொள்ளு வைத்தார், சாணம் அள்ளினார், பிறகு குதிரை வண்டி ஓட்டினார். சொந்தத்தில் இரண்டு வண்டி, மூன்று குதிரை என்று அவர் நிமிர்ந்தபோது ஊருக்குள் மோட்டார் வர ஆரம்பித்தது. முதலில் துரைமார்களும் தவ்கே என்கிற சீன முதலாளிகளும் வைத்துக்கொண்டார்கள். பிறகு வாடகைக்கும் விட்டார்கள். நேரம் நிறைய உள்ளவர்கள் மட்டும் குதிரை வண்டியில் ஏறினார்கள். நேரம் நிறைய உள்ளவர்களிடம் காசு இருப்பதில்லை என்பதைத் தாவூது ஒரே வருஷத்தில் கண்டுகொண்டார்.

1913இல் வண்டிகளையும் குதிரைகளையும் விற்றார். மனைவி ருக்கையாவின் கழுத்தில் கிடந்ததையும் விற்றார். கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய அமெரிக்க மோட்டார் ஒன்றை வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொள்ள ஏழு நாள் ஆனது. அந்த ஏழு நாளும் வண்டியை நிறுத்த வேண்டிய இடங்களில் "ஹோ, ஹோ" என்று சத்தம் போட்டார். எட்டாம் நாள் முனிசிபாலிட்டி ஆபீசில் வாடகை வண்டிக்கான தகடு கொடுத்தார்கள். பித்தளைத் தகடு, எண் பொறித்தது. அதை வண்டியின் பின்னால் திருகி முடுக்கிய அன்று ருக்கையா அக்கம்பக்கத்துக்கெல்லாம் நெய்ச்சோறு கொடுத்தாள்.

தகடோடு ஒரு அட்டையும் கொடுத்தார்கள். மைலுக்கு எவ்வளவு, காத்திருந்தால் எவ்வளவு, மூட்டைக்கு எவ்வளவு என்று மூன்று பாஷையில் அச்சடித்த அட்டை. அதை ஏறுகிறவர் கண்ணில் படும்படி ஆணியடித்து வைக்க வேண்டும். அதற்குமேல் ஒரு காசு கேட்டால் தகடு போய்விடும். தகடு போனால் வண்டி வெறும் இரும்பு. இதை அவருக்கு ஆபீசில் இரண்டு முறை சொன்னார்கள். சொல்லியிருக்கத் தேவையில்லை.

அட்டையில் இருந்தது 1913ஆம் வருஷத்து விலை. மறு வருஷம் சீமைப் பக்கம் பெரிய சண்டை வந்தது. அட்டை அப்படியே இருந்தது.

இன்ஜினுக்கு ஊற்றும் கொக்கு மார்க் எண்ணெய் சண்டைக்கு முன்னால் கேலன் ஒரு வெள்ளி பத்துக் காசு; அங்கே டாலருக்கு வெள்ளி என்று பேர். 1917 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சிராங்கூன் ரோட்டில் ரவூப் வேலை பார்க்கும் எண்ணெய்க் கடைக்குப் போனபோது இரண்டு வெள்ளி எழுபத்தைந்து. ரவூப் முப்பது வயதுக்காரன். நாகூர்ப் பக்கம். கடை அவனுடையதில்லை, விலை சொல்கிற வாய் மட்டும் அவனுடையது.

"வெள்ளிக்கிழமை ரெண்டு நாப்பதுன்ன" என்றார் தாவூது.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதானே நானா."

"அந்த டின்னுதானே இது? மூடியில நசுங்கியிருக்கு பாரு. போன வாரமும் இது இதே பலகையிலதான் இருந்துச்சு. நகரக்கூட இல்ல. ஒக்காந்த எடத்துல ஒக்காந்தபடி எப்படிய்யா வெல ஏறும்?"

"நீங்க மட்டும்? நீங்களும்தான் ஒக்காந்த எடத்துல ஒக்காந்து மைலுக்கு மைலு காசு வாங்குறீங்க."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். தாவூதுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் இரண்டு எழுபத்தைந்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டார்.

ரவூப் டின்னை எடுத்து மேசைமேல் வைத்தான். அவனுக்கும் அவர்மேல் பிரியம் உண்டு. குரலை இறக்கிக்கொண்டான்.

"இந்தாங்க நானா, கேட்டுக்குங்க. உள்ள இருக்குற எண்ணெ அமெரிக்காவுல பூமிக்குள்ளேருந்து வருது. அங்கனயே போய்க் குடத்துல மொண்டா முப்பது காசுகூட இருக்காது. அத காச்சி, கசடெடுத்து, இன்ஜினுக்கு ஆகுற பதத்துல வடிக்கிறான், அதுக்கு ஒரு காசு. இந்தத் தகரம் இருக்கே, தகரமெல்லாம் பீரங்கி செய்யப் போயிருச்சு, இப்ப எண்ணெயவிட டின்னுக்குத்தான் கிராக்கி. ரெண்டு டின்ன ஒரு மரப்பெட்டில வச்சு ஆணியடிக்கிறான், அந்த மரம், அந்த ஆணி. அப்புறம் கப்பக் கூலி. கப்பல் பாதி பட்டாளத்த ஏத்தப் போயிருச்சு, பாக்கிப் பாதில எடம் கெடைக்கணும். அப்புறம் இன்சூரன்ஸு."

"அது என்னா?"

"கப்பல் முங்கிட்டா காசு திரும்பக் கெடைக்கும். அதுக்கு முங்குறதுக்கு முன்னாடியே கட்டிறணும்."

"இந்த எண்ணெ வந்த கப்பல் முங்குச்சா?"

"முங்கியிருந்தா எண்ணெ எப்படி நானா வரும்?"

"முங்காத கப்பலுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?"

"முங்குன கப்பலுக்கும் சேத்துத்தான்" என்றான் ரவூப். "அப்புறம் கப்பல் இங்க வந்து ஆழத்துல நிக்கும். தொங்கான் படகுல எறக்கணும், கெடங்குல வைக்கணும், கெடங்கு எரிஞ்சுபோகாம இருக்க ஒரு இன்சூரன்ஸு. கம்பெனிக்காரன் கமிசனு. அப்புறம் எங்க தவ்கே. அவரு அடுத்த டின்ன புது வெலைக்குத்தானே வாங்கணும்? பழைய வெலைக்கு இத வித்தா, அந்தக் காசுக்கு அடுத்த டின்னு வராது."

"இதுல உன் பங்கு?"

"மாசம் பதினாலு வெள்ளி. சண்டைக்கு முன்னாடியும் அதான்."

தாவூது காசை எடுத்து வைத்தார். யாரோடாவது சண்டை போட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். ரவூப் சொன்ன வரிசையில் சண்டை போடத் தோதாக ஒரு ஆள்கூட இல்லை. ஆணியடிக்கிறவன்கூட நியாயமாகத்தான் இருந்தான்.

ஆனாலும் மறுநாள் வண்டியை ஆற்றங்கரைக் கிடங்குக்கு விட்டார். இடையில் இருக்கும் கடையை ஒதுக்கினால் நாற்பது ஐம்பது காசு மிச்சமாகும் என்று ஒரு நினைப்பு. கிடங்கில் கணக்கெழுதும் கிராணி பேச்சைக் கேட்டுவிட்டு, "அம்பது பெட்டிக்குக் கொறஞ்சு குடுக்குறதில்ல லா" என்றான். அம்பது பெட்டி எடுத்தால் என்ன விலை என்று தாவூது ஒரு பேச்சுக்குக் கேட்டார். அவன் உள்ளே போய்த் துரையைக் கேட்டான். துரை வெளியே எட்டிப்பார்த்து, இன்றைய தந்தி இன்னும் வரவில்லை என்றார். தாவூது போட்டிருந்த வெள்ளைத் தொப்பியைப் பார்த்து அவர் மரியாதையாகத் தலையசைத்ததாகவும் தோன்றியது. விலை லண்டனிலிருந்து கம்பி வழியாக வருகிறது. துரையும் கம்பியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

வாடகை மோட்டார்க்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து, கட்டணத்தை உயர்த்தித் தரும்படி முனிசிபாலிட்டிக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். பதில் வந்திருந்தது. மனு வந்து சேர்ந்தது என்பதுதான் பதில்.

"நீங்க அந்த வண்டிக்கு ஊத்துன எண்ணெய வச்சு சிராங்கூன் ரோடு முழுக்க வடை சுட்டுப் போட்டிருக்கலாம்" என்றாள் ருக்கையா. "குதிரைக்கு வைக்கோலு வாங்குனப்ப சாணியாச்சும் மிஞ்சுச்சு. அதையும் தோட்டத்துச் சீனன் காசு குடுத்து அள்ளிக்கிட்டுப் போனான்."

"இதுக்குப் பொகைதான் மிஞ்சுது."

"பொகைய யாரு வாங்குவா?"

அவள் சமையல்கட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் நாலு கேலன் டின் ஒன்று இருந்தது. விளக்கெண்ணெய். குதிரை வண்டிக் காலத்தில் வாங்கி வைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மாவுக்குக் குளிக்கப் போகுமுன் வண்டிக்காரர்கள் அச்சுக்கு விளக்கெண்ணெய் வைப்பார்கள். சக்கரத்தைக் கழற்றி, பழைய மசியைத் துணியால் துடைத்து, கோழி இறகில் எண்ணெயைத் தொட்டு அச்சில் தடவிச் சக்கரத்தைத் திரும்ப மாட்டுவார்கள். பதினெட்டு வருஷம் தாவூது ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. அந்தப் பதினெட்டு வருஷமும் அவர் வண்டியின் அச்சு ஒருநாளும் சூடானதில்லை. தேய்மானத்துக்கு விளக்கெண்ணெய் போல ஒன்று உலகத்தில் கிடையாது என்பது அவர் படித்த படிப்பு. அதில் பிழையும் இல்லை.

இரண்டு மாதம் முன்பு சுந்தரம் ஒன்று சொல்லியிருந்தான். பஃபலோ ரோட்டில் மோட்டார்ப் பட்டறை வைத்திருப்பவன். அவருடைய வண்டியை நாலு வருஷமாகப் பார்க்கிறவன். ஏதோ பேச்சுவாக்கில், "பாய், சண்டையில ஆகாயக் கப்பல் பறக்குதுல்ல, அந்த இன்ஜினுக்கு என்ன ஊத்துறான் தெரியுமா? நம்ம விளக்கெண்ணெ" என்றான். துரை ஒருவர் சொன்னாராம், பேப்பரில் இருந்ததாம். தாவூது அன்று சிரித்தார். வீட்டுக்கு வந்து டின்னைப் பார்த்தார். பிறகு மறந்துவிட்டார்.

இப்போது நினைவு வந்தது. ஆகாயத்தில் பறப்பதற்கே அது தாங்குமென்றால் சிராங்கூன் ரோட்டுக்கும் டாங்க் ரோட்டு ஸ்டேஷனுக்கும் தாங்காதா? முழுக்க ஊற்றவும் மனம் துணியவில்லை. இன்ஜினுக்குப் பழகிய எண்ணெயை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. குதிரைக்குத் தீனி மாற்றும்போது பழைய தீனியில் பாதியும் புதிய தீனியில் பாதியும் கலந்துதான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு வீங்கிவிடும். எந்தக் குதிரைக்காரனும் அப்படித்தான் செய்வான். தாவூது கொக்கு மார்க்கில் பாதியும் விளக்கெண்ணெயில் பாதியும் ஒரு டின்னில் ஊற்றி, மூடி, குலுக்கினார்.

காலையில் திறந்தபோது இரண்டும் பிரிந்து நின்றன. கருப்பு மேலே, வெளுப்பு கீழே. நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. அவர் இன்னும் கொஞ்சம் பலமாகக் குலுக்கிவிட்டு ஊற்றினார்.

சுந்தரத்தை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் பட்டறைக் கூலிக்கு அடிபோடுவான் என்று அவருக்கு எண்ணம். சுந்தரம் அப்படிப்பட்டவனும் இல்லை.

முதல் நாலு நாள் வண்டி பூப்போல ஓடியது. சத்தம் குறைந்தது. தரையில் விழும் வட்டம்கூடச் சிறுத்தது. வாடைதான் வேறு மாதிரி இருந்தது. பின்னால் வரும் புகை மருந்து காய்ச்சுகிற வீட்டு வாடை அடித்தது. வண்டி நிலையத்தில் மற்ற டிரைவர்கள் மூக்கைப் பிடித்தார்கள்.

"நானா, வண்டிக்கு வயிறு சரியில்லையா? பேதிக்குக் குடுத்திருக்கீங்க போலிருக்கே."

"பாத்து நிறுத்துங்க நானா, தெருவ நாறடிச்சிரப் போவுது."

ஒவ்வொரு கேலனிலும் ஒன்றேகால் வெள்ளிக்கு மேல் மிச்சம் என்று தாவூதின் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. ருக்கையாவிடம் மட்டும் அன்று மத்தியானம் சாப்பிடும்போது, "இனி அந்த ரவூப் மொகத்துல பாதிநாள் முழிக்கத் தேவல்ல" என்றார்.

ஒன்பதாம் நாள் காலையில் ஒரு சீனத் தவ்கேயும் அவர் மனைவியும் டாங்க் ரோட்டு ஸ்டேஷனுக்கு ஏறினார்கள். ஜோகூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். இரண்டு தோல் பெட்டி, ஒரு கூடை. ஸ்டேஷனுக்குக் கால் மைல் இருக்கும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்டது. தாவூது வேகத்தைக் குறைத்தார். தட்டல் நெருங்கி நெருங்கி வந்தது. பிறகு உலோகம் உலோகத்தைக் கடிக்கும் ஒரே ஒரு சத்தம். வண்டி துள்ளி நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இறங்கி, இன்ஜினைக் கிளப்பும் முன்கம்பியைச் சுழற்றிப் பார்த்தார். கம்பி அசையவில்லை. குதிரை படுத்துவிட்டால்கூடக் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், எழுமா எழாதா என்று. இதில் பார்க்க ஒன்றும் இல்லை.

தவ்கே கோபப்படவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டு ரிக்‌ஷாவைக் கைதட்டி அழைத்தார். பெட்டிகளைத் தாவூதே தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார். கூடையை அந்த அம்மாளின் மடியில் கொடுத்தார். அவள் ஏதோ சொன்னாள், அவருக்கு விளங்கவில்லை. ரிக்‌ஷாக்காரர்கள் ஓட ஆரம்பித்தார்கள்.

வண்டியைப் பஃபலோ ரோடு வரை இரண்டு எருதுகள் இழுத்து வந்தன. தாவூது உள்ளே உட்கார்ந்து திசை திருப்பும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வழியெல்லாம் தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். அவர் நேரே பார்த்துக்கொண்டு வந்தார்.

சுந்தரம் இன்ஜினை இறக்கிப் பிரித்தான். அடித்தட்டைக் கழற்றியதும் உள்ளே விரலைவிட்டு வழித்து அவரிடம் காட்டினான். கருப்பாக, அல்வாவைப் போல இழுபட்டது.

"இது என்ன பாய்?"

தாவூது சொன்னார்.

சுந்தரம் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டான். "நான்தான் சொன்னேன், இல்ல?"

"நீ ஆகாயக் கப்பலுக்குச் சொன்ன."

"வெறும் விளக்கெண்ணெய மட்டும் ஊத்தியிருந்தீங்கன்னாகூட ஓடியிருக்கும் பாய். அடிக்கடி கழுவிவிடணும், அவ்வளவுதான். இல்ல கொக்கு மார்க் மட்டும் ஊத்தியிருக்கணும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. சேராம சுத்திச் சுத்தி இப்படிக் கட்டிப்போய் எண்ணெ போற ஓட்டைய அடச்சிருச்சு. மேல எண்ணெயே ஏறல. உருகிப்போச்சு எல்லாம்." இன்ஜினுக்குள் சுழலும் தண்டை எடுத்துக் காட்டினான். மெருகாக இருக்க வேண்டிய இடத்தில் உழுத நிலம்போல வரிகள்.

"செய்ய முடியாதா?"

"தண்டு புதுசா போடணும். அமெரிக்காவுலேருந்து வரணும். எழுதிப் போட்டா எட்டு மாசமோ, ஒரு வருசமோ. கப்பலு எடம் குடுத்தாத்தான். வெலையும் இப்ப சொல்லமாட்டான். வந்து எறங்குன அன்னைக்கு என்னவோ அதான். கப்பக் கூலி, இன்சூரன்ஸு…"

"கெடங்கு, கமிசனு" என்றார் தாவூது. "தெரியும்."

சுந்தரம் கூலி வாங்க மறுத்தான். அவர் வற்புறுத்தவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் தெம்பு இருக்கவில்லை.

அந்த மாதம் முப்பதாம் தேதி வாடகை வண்டிகளைப் பரிசோதிக்கும் நாள். வண்டி தானாக ஓடி வந்து காட்ட வேண்டும். வராத வண்டியின் தகட்டை ரத்து செய்வார்கள், அபராதம் போடுவார்கள், வண்டி ஓட்ட அனுமதியாக டிரைவருக்குக் கொடுத்த வில்லையையும் பிடுங்கிக்கொள்வார்கள். அதற்கு முன்னால் தானே போய்த் தகட்டை ஒப்படைத்தவனுக்கு அபராதம் இல்லை. வில்லை கையில் நிற்கும். இன்னொருவர் மோட்டாரைச் சம்பளத்துக்கு ஓட்டலாம். புதிதாக வாடகைத் தகடு கொடுப்பதைச் சண்டை முடியும்வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"குடுக்காதீங்க" என்றாள் ருக்கையா. "ஒரு வருசத்துல தண்டு வந்துரும்னு சுந்தரம் சொல்றாரே. தகடு இருந்தாத்தானே வண்டி?"

"குடுக்காட்டியும் அவன் எடுத்துக்குவான். வில்லையும் போயிரும்."

"போய்ச் சொல்லிப் பாருங்க. வண்டி படுத்துக் கெடக்குன்னு சொல்லுங்க. மனுசன்தானே ஆபீசுல இருக்கான்."

"மனுசன்தான்" என்றார் தாவூது.

தகட்டின் திருகுகள் அவர் கைக்குக் கழலவில்லை, துருப்பிடித்திருந்தன. ருக்கையாதான் சமையல்கட்டிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கொண்டுவந்து விட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி வெள்ளைத் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு தகட்டை ஒரு துணியில் சுற்றி ஆபீசுக்குப் போனார். கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்துக் கிராணி இருந்தார். நல்ல மாதிரியான மனிதர். உட்காரச் சொன்னார். துணியைப் பிரித்துத் தகட்டை வாங்கி எண்ணைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தார்.

தாவூது எல்லாவற்றையும் சொன்னார். ஒன்று பத்து, இரண்டு நாற்பது, இரண்டு எழுபத்தைந்து. அட்டையில் மட்டும் பழைய விலை. விளக்கெண்ணெய் ஊற்றியதையும் மறைக்காமல் சொன்னார். ஒரு வருஷத்துக்குத் தகட்டை இங்கேயே வைத்துக்கொண்டு, தண்டு வந்ததும் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார்.

"அப்படி ஒரு ஒழுங்கு இல்லை" என்றார் கிராணி. "பாவமாத்தான் கிடக்கு. ஆனா இல்லை." பாரம் என்கிற அச்சுப் படிவத்தை எடுத்தார். "ஏன் திருப்பித் தாறீங்கள் எண்டு எழுத வேணும்."

"சொன்னேனேய்யா. எண்ணெ வெல."

"எண்ணெய் விலை எண்டு இதில இல்லை. மூண்டு காரணம்தான் அச்சடிச்சுக் கிடக்கு. வண்டியை வித்துப்போட்டார். சொந்தக்காரர் இறந்துபோனார். சொந்த விருப்பம். வண்டியை வித்துட்டீங்களோ?"

"இல்ல."

கிராணி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "அப்ப மூண்டாவதைத்தான் போட வேணும்."

"எனக்கு விருப்பம் இல்லய்யா."

"விளங்குது. மூண்டில ஒண்டைப் போடாட்டி பாரம் உள்ள போகாது. போகாட்டி முப்பதாம் தேதி வந்துடும்."

கிராணி மூன்றாவது காரணத்துக்கு அடியில் பேனாவால் கோடு இழுத்தார். தாவூதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். தமிழிலும் போடுவார், அரபு எழுத்திலும் போடுவார். பேனாவுக்குக் கை நீட்டினார். கிராணி மைப்பெட்டியைத் தள்ளினார்.

"பெருவிரல் போதும்."

"படிச்சுக் காட்டுங்க" என்றார் தாவூது.

கிராணி முதலில் இங்கிலீஷில் படித்தார். பிறகு தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "இந்த வாடகை வண்டியை இனிமேல் நடத்த எனக்கு விருப்பமில்லாதபடியால், நானாகவே முன்வந்து தகட்டை ஒப்படைக்கிறேன்."

தாவூது இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கிராணி முகம் கோணாமல் இன்னொரு முறை படித்தார். தாவூது பெருவிரலை மையில் வைத்து, காட்டிய இடத்தில் அழுத்தினார்.